சிபியூ சும்மா இருக்கிறது, தளம் மட்டும் 502 காட்டுகிறது: எதைக் கண்காணிப்பது?

வாசகர் ஒருவரின் கேள்வி இது: "எங்கள் கடைக்கு ஆர்டர் எடுக்கும் தளம் ஒரே ஒரு விபிஎஸ்ஸில் ஓடுகிறது. 2 சிபியூ, 4 ஜிபி ரேம், உபுண்டு, என்ஜின்எக்ஸ், பிஎச்பி-எஃப்பிஎம், மைஎஸ்க்யூஎல். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, பெரும்பாலும் சாயங்காலம், பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் 502 அல்லது 504 வருகிறது. வாடிக்கையாளர் போன் செய்த பிறகுதான் எங்களுக்கே தெரிகிறது. உள்ளே போய் டாப் கட்டளை போட்டுப் பார்த்தால் சிபியூ 20 சதவீதம்கூட இல்லை. பிஎச்பியை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு எஸ்எம்எஸ் போகும், அது தவிர வெளியே வேறு தொடர்பு கிடையாது. எதைக் கண்காணிக்க வேண்டும், எந்த டூல் நல்லது?"

டூல் பற்றி அப்புறம் சொல்கிறேன். விபிஎஸ் என்பது வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர். அதில் வாசலில் நின்று கோரிக்கைகளை வாங்குவது என்ஜின்எக்ஸ், பின்னால் பிஎச்பியை ஓட்டுவது எஃப்பிஎம். பின்னாலிருந்து சரியான பதில் வராதபோது என்ஜின்எக்ஸ் காட்டும் பிழை எண்கள்தான் 502, 504. முதலில் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை தளம் நின்றால் உடனே ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், ஒரே ஒரு நிமிடம் பொறுங்கள். ரீஸ்டார்ட் செய்த கணத்தில் எஃப்பிஎம்மின் எந்த வொர்க்கர் (கோரிக்கையைக் கவனிக்கும் ப்ராசஸ்) எதற்காகக் காத்துக்கொண்டிருந்தது என்ற தடயம் எல்லாம் அழிந்துவிடும், அடுத்த வாரம் அதே இருட்டில் மறுபடி நிற்பீர்கள். கடைக்காரருக்கு அந்த ஒரு நிமிடம் எவ்வளவு பதற்றம் என்பது எனக்குத் தெரியும், இருந்தும் இதைக் கேட்கிறேன். என்ன எடுத்து வைக்க வேண்டும் என்று கீழே சொல்கிறேன், அதை ஒரு சின்ன ஸ்கிரிப்டாக எழுதி வைத்துக்கொண்டால் பத்து நொடி வேலைதான்.

சிபியூ ஏன் சும்மா இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. எஃப்பிஎம் என்பது சில வொர்க்கர்கள் கொண்ட ஒரு குழு, ஒரு வொர்க்கர் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டுமே கையில் எடுக்கும். நீங்கள் எதையும் மாற்றாமல் விட்டிருந்தால் உபுண்டுவில் மேக்ஸ் சில்ட்ரன், அதாவது அதிகபட்ச வொர்க்கர் எண்ணிக்கை, 5. ஒரு பக்கத்துக்கு 200 மில்லி நொடி ஆகிறது என்றால் 5 பேர் சேர்ந்து நொடிக்கு 25 கோரிக்கையை முடிப்பார்கள், சின்னக் கடைக்கு அது தாராளம். அதே பக்கம் ஏதோ காரணத்தால் 10 நொடி எடுக்க ஆரம்பித்தால் அதே 5 பேரால் இரண்டு நொடிக்கு ஒரு கோரிக்கைதான் முடியும், மற்றதெல்லாம் வரிசையில் நிற்கும். இதில் சிபியூவுக்கு வேலையே இல்லை, வொர்க்கர்கள் எல்லாரும் வேறு யாரோ பதில் சொல்வதற்காக வெறுமனே காத்திருக்கிறார்கள். வங்கியில் ஐந்து கவுண்டரிலும் ஆள் உட்கார்ந்திருந்து, ஐந்து பேருமே மேலாளர் கையெழுத்துக்காகக் காத்திருந்தால் வரிசை எப்படி நகரும்? பொறுமை இழந்தவர்கள் ரிஃப்ரெஷ் அழுத்துவார்கள், பழைய கோரிக்கை உள்ளே ஓடிக்கொண்டிருக்க புதிதாக ஒன்று வரிசையில் சேரும். என்ஜின்எக்ஸ் தன் பங்குக்கு 60 நொடி பார்க்கும், பதில் வராவிட்டால் 504 கொடுக்கும். வரிசையே நிரம்பி வழிந்துவிட்டால் 502.

அப்படியானால் அவர்கள் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்? நீங்கள் எஸ்எம்எஸ் பற்றி எழுதிய ஒரு வரியைப் படித்ததுமே என் சந்தேகம் அங்கேதான் போனது. பிஎச்பியில் கர்ல் என்ற நூலகத்தை வைத்து வெளியே ஒரு சேவையைக் கூப்பிட்டால், நாமாகச் சொல்லாதவரை மொத்த நேரத்துக்கு வரம்பே கிடையாது, இணைப்பு கிடைப்பதற்கு மட்டும் 300 நொடி வரை காத்திருக்கும். ஒரு ஸ்கிரிப்ட் ஓட அனுமதிக்கும் நேரமான மேக்ஸ் எக்ஸிக்யூஷன் டைம் 30 நொடி என்று இருக்கிறதே, அது வெட்டிவிடாதா என்று கேட்பீர்கள். வெட்டாது. லினக்ஸில் அந்த 30 நொடிக் கணக்கில் பிஎச்பி தானே ஓடும் நேரம் மட்டும்தான் சேரும், வெளியிலிருந்து பதில் வரக் காத்திருக்கும் நேரமோ டேட்டாபேஸ் வினவல் ஓடும் நேரமோ சேராது. வருடக்கணக்காக பிஎச்பி எழுதுகிறவர்களிலும் பலருக்கு இது தெரிவதில்லை. சாயங்காலம் எஸ்எம்எஸ் நிறுவனத்தின் பக்கம் நெரிசலாகி அவர்கள் பதில் தாமதமானால், உங்கள் 5 வொர்க்கர்களும் அங்கே போய் மாட்டிக்கொள்வார்கள், முகப்புப் பக்கத்தைத் திறக்கக்கூட ஆள் இருக்காது.

இது சந்தேகம்தான், டேட்டாபேஸும் காரணமாக இருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்லத்தான் அந்த ஒரு நிமிடம் தேவை. மைஎஸ்க்யூஎல்லில் ஷோ ஃபுல் ப்ராசஸ்லிஸ்ட் என்று கேளுங்கள், எந்த இணைப்பு என்ன செய்கிறது என்ற பட்டியல் வரும். இணைப்புகள் எல்லாம் ஸ்லீப் என்று தூங்கிக்கொண்டிருக்க வொர்க்கர்கள் மட்டும் நிரம்பியிருந்தால், அவர்கள் காத்திருப்பது டேட்டாபேஸுக்காக அல்ல, வெளியே யாருக்காகவோ. ஒரே வினவல் பத்து இணைப்பில் நிமிடக்கணக்காக ஓடினாலோ, டேட்டாபேஸ் பூட்டுக்காக (lock) காத்திருப்பதாகக் காட்டினாலோ கோளாறு டேட்டாபேஸில். லோடு ஆவரேஜையும், அதாவது ஓடும், ஓடக் காத்திருக்கும் ப்ராசஸ்களின் சராசரி எண்ணிக்கையையும், குறித்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் டிஸ்குக்காக முடங்கிக் கிடக்கும் ப்ராசஸ்களும் அந்த எண்ணில் சேரும், அதனால் 2 சிபியூ உள்ள பெட்டியில் சிபியூ சும்மா இருக்கும்போது லோடு 14 என்று காட்டினால் டிஸ்கைப் பாருங்கள். லோடும் 1-க்குக் கீழே, சிபியூவும் சும்மா என்றால் நெட்வொர்க்குக்காகவோ பூட்டுக்காகவோ காத்திருப்புதான்.

அடுத்து என்ஜின்எக்ஸின் எரர் லாக், கடைசி 50 வரி. அதில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும், அதுதான் முக்கியம். 111 என்றால் எஃப்பிஎம் ஓடவே இல்லை, இணைப்பை ஏற்க ஆளில்லை. 11 என்றால் எஃப்பிஎம் உயிரோடு இருக்கிறது, வரிசை நிரம்பிவிட்டது. 104 என்றால் வேலை நடுவில் வொர்க்கர் செத்துவிட்டது. 110 என்றால் காத்திருந்து நேரம் முடிந்தது, பயனருக்குத் தெரிவது 504. நான்கும் வேறு வேறு நோய், வைத்தியமும் வேறு, ஆனால் வாடிக்கையாளர் போனில் சொல்வது ஒன்றுதான்: "சைட் ஓப்பன் ஆகல."

எஃப்பிஎம்முக்கு சொந்தமாக ஒரு ஸ்டேட்டஸ் பக்கமும் உண்டு, இயக்கிவிட வேண்டும். எத்தனை வொர்க்கர் வேலையில் இருக்கிறார்கள், வரிசையில் எத்தனை பேர், மேக்ஸ் சில்ட்ரன் அளவை எத்தனை தடவை தொட்டது என்று மூன்று எண்ணையும் அது சொல்லும். உங்கள் சர்வரில் சிபியூ படத்தை விட இந்த மூன்றும் பத்து மடங்கு பயன் தரும் என்பேன். ஒரு சிக்கல் இருக்கிறது: எல்லா வொர்க்கரும் மாட்டிக்கொண்டால் அந்த ஸ்டேட்டஸ் பக்கமும் அதே வரிசையில்தான் நிற்கும். அதற்காகவே பிஎச்பி 8.0-இலிருந்து ஸ்டேட்டஸுக்குத் தனி வாசல் வைத்துக்கொள்ள பிஎம் ஸ்டேட்டஸ் லிசன் என்ற அமைப்பு வந்திருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். கூடவே எஃப்பிஎம்மின் ஸ்லோ லாக்கை 5 நொடி என்று வைத்து இயக்குங்கள், இயல்பாக அது அணைந்துதான் இருக்கும். 5 நொடியைத் தாண்டிய ஒவ்வொரு கோரிக்கைக்கும் அந்த நேரத்தில் நிரலின் எந்த வரியில் நின்றது என்று எழுதிவிடும். கர்ல் எக்ஸெக் என்ற பெயர் அதில் திரும்பத் திரும்ப வந்தால் என் சந்தேகம் உறுதி.

உறுதியானால் தீர்வு சின்னது. எஸ்எம்எஸ் அழைப்பில் இணைப்புக்கு 3 நொடி, மொத்தம் 5 நொடி என்று வரம்பு போடுங்கள். அப்புறம் நிதானமாக, ஆர்டர் பதிவாகும்போதே எஸ்எம்எஸ் அனுப்புவதை விட்டுவிட்டு, ஒரு டேபிளில் எழுதி வைத்து கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் லினக்ஸ் வசதி) வழியாக அனுப்பும்படி மாற்றுங்கள். மேக்ஸ் சில்ட்ரனை 5-இலிருந்து 50 ஆக்கினால் போதாதா என்று யாராவது சொல்வார்கள், கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். மைஎஸ்க்யூஎல்லுக்கு ஒன்றரை ஜிபி, மற்றதுக்கு அரை ஜிபி போனால் பிஎச்பிக்கு மிஞ்சுவது 2 ஜிபி. ஒரு வொர்க்கர் 80 எம்பி எடுக்கிறது என்றால் 25 பேருக்குத்தான் இடம். அதை மீறினால் மெமரி தீர்ந்து லினக்ஸ் கர்னல் ஏதாவது ஒரு ப்ராசஸைக் கொல்லும், வழக்கமாக அதிக மெமரி வைத்திருப்பதைத்தான் கொல்லும், உங்கள் பெட்டியில் அது மைஎஸ்க்யூஎல்லாகத்தான் இருக்கும். கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் (dmesg) அவுட் ஆஃப் மெமரி என்று தேடிப் பாருங்கள், இதற்கு முன்பே நடந்திருக்கவும் கூடும்.

சரி, இனி நிரந்தரக் கண்காணிப்பு. வாடிக்கையாளர் சொல்லி உங்களுக்குத் தெரிகிறது என்பதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். தளத்தை வெளியிலிருந்து, வேறு நிறுவனத்தின் வேறு ஒரு சின்ன சர்வரிலிருந்து, நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்கும் ஏற்பாடு வேண்டும். அப்டைம் குமா என்ற டூல் இலவசம், அரை மணி நேரத்தில் நிறுவிவிடலாம், டெலிகிராமுக்குத் தகவல் அனுப்பும். அதே சர்வரில் மட்டும் நிறுவாதீர்கள். நான் ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்தபோது கண்காணிப்பையும் தளத்தையும் ஒரே பெட்டியில் வைத்திருந்தோம், ஓர் இரவு லாக் ஃபைல் வளர்ந்து டிஸ்க் நிரம்பியது, தளமும் நின்றது, அதைச் சொல்ல வேண்டிய கண்காணிப்பும் நின்றது, காலை எட்டு மணிக்குத்தான் தெரிந்தது. பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது: 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்க முடங்கியபோது, அதைச் சரிசெய்ய அவர்கள் பொறியாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் உள் கருவிகளும் அதே நெட்வொர்க்கோடு சேர்ந்து முடங்கின.

வெளியிலிருந்து பார்க்கும்போது 200 (எல்லாம் சரி என்ற பதில் எண்) வருகிறதா என்பது மட்டும் போதாது, வெற்றுப் பக்கமும் 200 என்று வரக்கூடும். டேட்டாபேஸிலிருந்து வரும் ஒரு சொல், உதாரணமாக ஒரு பொருளின் பெயர், அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். ஒரு தடவை தோற்றதும் அலறாமல், தொடர்ந்து மூன்று தடவை தோற்றால் மட்டும் தகவல் வரட்டும், இல்லாவிட்டால் நெட்வொர்க் கொஞ்சம் இருமினால்கூட போன் அடித்து, இரண்டு வாரத்தில் அந்த எச்சரிக்கைகளையே நீங்கள் பார்க்காமல் விட்டுவிடுவீர்கள்.

என்ஜின்எக்ஸின் வழக்கமான ஆக்ஸஸ் லாக்கில் பதிலுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பது இருக்காது, அதனால் லாக் ஃபார்மேட்டில் ரிக்வெஸ்ட் டைம், அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம் இரண்டையும் சேர்த்துவிடுங்கள். சேர்த்த பிறகு சராசரியைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். 100 கோரிக்கையில் 95 பேருக்கு 0.2 நொடி, 5 பேருக்கு 20 நொடி என்றால் சராசரி 1.2 நொடிதான் வரும், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அந்த 5 பேர் ஆர்டர் பட்டனை அழுத்தியவர்களாக இருந்தால்? அதனால் வேகமாகப் பதில் பெற்றவரிலிருந்து வரிசைப்படுத்தி, நூற்றில் 99-ஆவது ஆளுக்கு எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 499 என்ற எண் எத்தனை தடவை வருகிறது என்றும் எண்ணுங்கள். பயனர் காத்திருந்து வெறுத்துப்போய் பக்கத்தை மூடிவிட்டார் என்பதற்கு என்ஜின்எக்ஸ் எழுதும் எண் அது. உங்களுடையது போன்ற சிக்கலில் 504 வருவதற்குச் சில நிமிடம் முன்பே 499 அதிகமாக ஆரம்பிக்கும்.

டிஸ்க் 80 சதவீதத்தைத் தாண்டினால் பகலில் ஒரு தகவல் போதும், ஐநோடு கணக்கையும் (டிஸ்கில் எத்தனை ஃபைல் வைக்கலாம் என்ற வரம்பு) சேர்த்துப் பாருங்கள், செஷன் ஃபைல்கள் லட்சக்கணக்கில் குவிந்தால் இடம் இருந்தும் புது ஃபைல் எழுத முடியாது. எச்டிடிபிஎஸ்ஸுக்கு லெட்ஸ் என்கிரிப்ட்டின் இலவசச் சான்றிதழ் வைத்திருந்தால், காலாவதி பற்றி அவர்கள் அனுப்பிவந்த மின்னஞ்சல் 2025 ஜூனோடு நின்றுவிட்டது, இனி நாம்தான் பார்க்க வேண்டும். 90 நாள் சான்றிதழை, அதைத் தானாகப் புதுப்பிக்கும் டூலான சர்ட்பாட் 30 நாள் மிச்சம் இருக்கும்போதே புதுப்பிக்க முயலும், எனவே 20 நாளுக்குக் கீழே போய்விட்டால் புதுப்பித்தல் தோற்றிருக்கிறது என்று பொருள். இதையும் வெளியிலிருந்தே பாருங்கள், ஏனென்றால் டிஸ்கில் புதுச் சான்றிதழ் வந்திருந்தும் என்ஜின்எக்ஸை ரீலோடு செய்யாததால் பழையதே போய்க்கொண்டிருப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

ப்ரோமீதியஸ், கிராஃபானா போன்ற பெரிய கண்காணிப்பு டூல்கள் எல்லாம் அருமையானவை, நான் தினமும் பயன்படுத்துகிறேன், ஆனால் ஒரே ஒரு சர்வருக்கு இன்றைக்கே அவசியம் இல்லை. மூன்றாவது சர்வர் வரும்போது போடுங்கள். சிபியூ 80 சதவீதம் தாண்டினால் எச்சரிக்கை என்று எல்லாரும் முதலில் வைப்பார்கள், அதை வைக்கவே வேண்டாம், உங்கள் விஷயத்தில் அது ஒரு தடவைகூட அடித்திருக்காது. ராத்திரி எழுப்ப வேண்டியது தளம் திறக்கவில்லை என்பதும் ஆர்டர் போட முடியவில்லை என்பதும்தான்.

தளம் நின்றால் தானாகவே ரீஸ்டார்ட் ஆகும்படி ஒரு ஸ்கிரிப்ட் போடலாமா என்ற எண்ணம் உங்களுக்கு வரும். போடுங்கள், கடைக்கு வியாபாரம் முக்கியம். ஆனால் அது முதலில் எரர் லாக்கின் கடைசி 50 வரி, எஃப்பிஎம் ஸ்டேட்டஸ், ப்ராசஸ்லிஸ்ட், லோடு, மெமரி ஐந்தையும் நேரத்தோடு ஒரு ஃபைலில் எழுதிவிட்டு, உங்களுக்கு ஒரு செய்தியும் அனுப்பிவிட்டு, அதன் பிறகுதான் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இன்று எரர் லாக்கைத் திறந்து, கடந்த வாரம் தளம் நின்ற சாயங்கால நேரத்து வரிகளில் 11 இருக்கிறதா 110 இருக்கிறதா 104 இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரிகளையும், இப்போதைய மேக்ஸ் சில்ட்ரன் எண்ணையும், எஸ்எம்எஸ் அனுப்பும் அந்தச் சில நிரல் வரிகளையும் அனுப்பினால் அடுத்து எதைத் தொட வேண்டும் என்று சொல்கிறேன். அனுப்பும் முன் எஸ்எம்எஸ் சேவையின் ரகசியச் சாவியை அதிலிருந்து நீக்கிவிடுங்கள்.