கைக்கு முன்னால் வாய்

வணக்கம் ஐயா,

எனக்கு 36 வயது. எட்டு மாதமாக மிருதங்கம் கற்கிறேன். இன்னும் 'த தி தொம் நம்' பாடத்தில்தான் இருக்கிறேன். வாசிப்பதைவிட, வாயால் சொல்லித் தாளம் போடும் நேரமே அதிகம். யூடியூபில் பார்த்து ஒரு மோரா, அதாவது மூன்று முறை திரும்ப வந்து முடியும் கோர்வை, வாசித்துக் காட்டினேன். ஆசிரியர் கேட்டுவிட்டுப் பழைய பாடத்துக்கே திருப்பிவிட்டார். இப்படி வாயால் சொல்லும் சொற்கட்டு இவ்வளவு அவசியமா? இன்னொன்று, செயற்கைத் தோல் போட்ட மிருதங்கம் வாங்கலாமா? மிருதங்கத்துக்குத் தினமும் பொட்டு வைக்கும் என் அம்மா, அதில் இருப்பது மாட்டுத்தோல் என்ற பேச்சையே எடுக்க விடுவதில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எட்டு மாதம் அதிகமில்லை. நான் 41 வயதில் ஆரம்பித்தேன். 'நம்' ஒழுங்காக விழ எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. தோலின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம்தான் கரணை, சுற்றியுள்ள வெளி விளிம்புத் தோல் மீட்டு. மோதிர விரல் கரணையின் ஓரத்தை லேசாகத் தொட்டிருக்க, ஆள்காட்டி விரல் மீட்டில் விழ வேண்டும். தொட்டிருக்கும் அந்த விரலால்தான் தோல் இரண்டு பாதியாகப் பிரிந்து அதிர்கிறது, சுருதியோடு சேரும் நாதம் வருகிறது. கொஞ்சம் அழுத்தினாலும் நாதம் செத்துவிடும். சாதாரணத் தோல் கருவியில் துணை ஒலிகள் ஒன்றோடொன்று ஒட்டாது. மிருதங்கத்தில் அவை சுரமாகச் சேர்வதற்குக் காரணம் அந்தக் கரணையின் கறுப்புப் பூச்சு. சி.வி.ராமன் இதை ஆராய்ந்து 1920-இல் நேச்சர் இதழில் எழுதினார்.

சொற்கட்டுக்கு வருகிறேன். ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, எட்டு எண்ணிக்கை. ஒவ்வொன்றுக்கும் நான்கு வைத்தால் 32. 'தகதகிட' ஐந்து. அதை ஆறு முறை சொன்னால் 30 ஆகிறது, இரண்டு மிச்சம். இப்போது 'தகதகிட தகதகிட' என்று பத்து சொல்லி, ஒன்று விட்டு, மறுபடி பத்து, ஒன்று விட்டு, மறுபடி பத்து என்று சொல்லிப் பாருங்கள். மிச்சமிருந்த இரண்டும் இரண்டு கார்வைகளாக, அதாவது நடுவில் விடும் இடைவெளிகளாக, ஆகிவிட்டன. அடுத்த சொல் நேராகச் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் எண்ணிக்கையில், விழும். முழுமையான சின்ன மோரா இது. நீங்கள் யூடியூபில் பார்த்ததும் இப்படி ஒன்றாகத்தான் இருக்கும். அதில் விரல்கள் தெரியும், விட்ட இடம் தெரியாது. கார்வையில் கைக்கு வேலையே இல்லை, மனசுக்குள் எண்ணிக்கை ஓட வேண்டும். வாயால் சொன்னால்தான் அது உள்ளே இறங்கும். உங்கள் ஆசிரியர் செய்வது சரி.

செயற்கைத் தோல் பயணத்துக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் வசதிதான், குறையில்லை. ஆனால் முதல் சில வருடம் காது நிஜத் தோலில் பழகட்டும் என்பேன். பலாமரக் கட்டை, மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் எல்லாம் சேர்ந்துதான் அந்த நாதம். கறுப்புக் கல்பொடியைச் சோற்றோடு பிசைந்து, மெல்லிய அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்கையும் கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கரணையை உண்டாக்குகிறார்கள். இதைச் செய்பவர்களில் பலர் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், தலித் கிறிஸ்தவர்களும் நிறைய. பாலக்காடு மணி ஐயருக்கு 1966-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது, மிருதங்க வித்வான் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல்முறை. அவருடைய மிருதங்கங்களைச் செய்துகொடுத்த பர்லாந்து எந்த மேடையிலும் அப்படி உட்காரவில்லை. எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் மூட்டு, அதாவது மிருதங்கத்தின் தோல் முகம், மாற்ற ஆளனுப்புவார், செய்தவர் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. அது இன்றும் எனக்கு வலிக்கிறது.

அம்மாவிடம் வாதாட வேண்டாம். பொட்டு வைக்கும் அந்த அன்பு உண்மையானது. ஆனால் தோலையும் அதைத் தொட்டு வேலை செய்த கையையும் மறைத்துவிட்டு நாதத்தை மட்டும் கும்பிடுவது எனக்குச் சம்மதமில்லை. அடுத்த முறை மூட்டு மாற்றும்போது நீங்களே பட்டறைக்குப் போய் ஒரு பகல் முழுக்க உட்காருங்கள். கரணை ஏறும்போது அவர் எத்தனை தடவை தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார் என்று பாருங்கள். திரும்பி வந்து பார்த்ததை அம்மாவிடம் நிதானமாகச் சொல்லுங்கள்.

அதுவரை அந்த 32-ஐ கையால் வாசிக்காமல், தாளம் போட்டு வாயாலேயே சொல்லிக்கொண்டிருங்கள். தடுமாறாமல் சமத்தில் விழுந்ததும் எனக்கு எழுதுங்கள்.