சூரியக் கார் பந்தயம்: வேகக் கணக்கு – கேள்வி பதில்

டார்வினில் தொடங்கி அடிலெய்டு வரை, ஆஸ்திரேலியாவின் குறுக்கே சுமார் 3,000 கி.மீ. ஓடும் சூரியக் கார் பந்தயம் பற்றி வந்த கேள்விகள்.

கே: மேலே இருக்கும் தகடு எவ்வளவு மின்சாரம் தரும்?
2023-இல் சிலிக்கான் தகட்டுக்கு அனுமதி 4 சதுர மீட்டர். உச்சி வெயிலிலும் ஒரு கிலோவாட்டை ஒட்டித்தான் வரும், அதாவது ஓர் இஸ்திரிப் பெட்டி. அதை வைத்துத்தான் பெல்ஜியத்தின் இன்னாப்டஸ் அணி மணிக்குச் சராசரி 88 கி.மீ. ஓட்டி ஜெயித்தது.

கே: காலையில் விரட்டிவிட்டு, மாலையில் நிதானமாகப் போனால் என்ன?
நஷ்டம். காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏறுகிறது. ஒரு மணி நேரம் 70-லும் அடுத்த மணி 110-லும் போனால் சராசரி 90தான். ஆனால் இரண்டு மணியும் 90-லேயே போவதைவிடக் காற்றுக்காகச் சுமார் 15 சதவீதம் கூடுதலாகச் செலவாகும். முன்னால் போகும் காரைப் பார்த்து மிதிக்காதீர்கள்.

கே: எதிர்காற்று அடித்தால்?
கொஞ்சம் குறையுங்கள், காற்றின் அளவுக்கு அல்ல. மற்ற இடங்களில் 90 போகிறவர், 20 கி.மீ. எதிர்காற்றில் 84 அளவில் போனால் சரி. பக்கக்காற்று வேறு விஷயம். 2019-இல் முன்னணியில் இருந்த ட்வென்டே அணியின் காரைச் சாலையை விட்டே தள்ளியது அதுதான்.

கே: டாப் ஸ்பீடு எவ்வளவு சார்?
இதே கேள்வி மூன்று பேரிடமிருந்து. பந்தயத்துக்கு அது பயன்படாத எண். இரண்டாம் பதிலைப் படியுங்கள்.

கே: மேகம் வந்தால் மெதுவாகப் போய் பேட்டரியைக் காப்பாற்ற வேண்டும், இல்லையா?
இல்லை. வழியில் 20 கி.மீ.க்கு மட்டும் மேகம் என்றால், அதற்கடியில் சற்று வேகமாகப் போங்கள். வரவு குறைந்த இடத்தில் ஏன் அதிக நேரம் இருக்க வேண்டும்?

கே (அதே நண்பர்): செலவு கூடுமே! வரவு இல்லாத இடத்தில் செலவைக் கூட்டச் சொல்கிறீர்களே?
கூடத்தான் செய்யும். அதனால்தான் "சற்று" என்றேன். மணிக்கு இரண்டு மூன்று கி.மீ. போதும், இருபது அல்ல.

கே (இன்னொருவர்): நாள் முழுக்க மூட்டமாக இருந்தால்?
ஓடித் தப்பிக்க வெயில் இல்லாதபோது இந்த வாதம் செல்லாது. அப்போது முழு நாளின் வேகத்தையும் ஒரே சீராக இறக்க வேண்டும். இரண்டு பதிலும் அதனதன் வானத்துக்குச் சரி. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து எந்த வானம் என்று முடிவு செய்யுங்கள். மறுபடியும் சொல்கிறேன், மிதியில் கால் ஆடக் கூடாது.

கே: இறக்கத்தில் மோட்டார் வழியாகச் சார்ஜ் செய்யலாமே?
செய்யலாம், ஆனால் மின்சாரம் பேட்டரிக்குள் போகும்போதும் திரும்பி வரும்போதும் இழப்பு உண்டு. பாதுகாப்பான இறக்கம் என்றால் உருள விடுங்கள். அந்த வசதி பிரேக் போட்டே ஆக வேண்டிய இடத்துக்கு.

கே: எந்த பேட்டரி செல் நல்லது?
என் துறை இல்லை. மின்வேதியியல் தெரிந்தவரிடம் கேளுங்கள். 2019-இல் கடைசி நாளில் முதலிடத்தில் ஓடிய டெல்ஃப்ட் அணியின் கார் எரிந்தே போனது.

கே: முடிக்கும்போது பேட்டரியில் எவ்வளவு மிச்சம் இருக்கலாம்?
கிட்டத்தட்ட ஒன்றும் வேண்டாம். மிஞ்சினால் அவ்வளவு மெதுவாக வந்திருக்கிறீர்கள். ஆனால் முதல் நாளே தீர்த்துவிடாதீர்கள். மாலை ஐந்து மணிக்கு எங்கே இருக்கிறீர்களோ அங்கேதான் முகாம். தகட்டை மேற்கே சாய்த்து, பொழுது சாயும்வரை கிடைத்ததைச் சேருங்கள். காலையில் கிழக்கே சாய்த்து, எட்டு மணிக்குக் கிளம்புங்கள்.

கே: மாருதி கார் கூரையில் தகடு ஒட்டினால் ஓடுமா?
ஓடாது.