படிக்கத் தெரியாத காகிதத்தில் கையெழுத்து வேண்டாம்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா எல்லை ஊர்களிலிருந்து. தேதியும் நேரமும் இல்லாமல் எழுதியவர்களுக்குப் பொதுவாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. அடுத்த முறை இரண்டையும் எழுதுங்கள்.

ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிப் போன் வந்தது. போக வேண்டுமா? (கொழிஞ்சாம்பாறை)

சாட்சியாகவா, பிரதியாகவா, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராகவா? அதை எழுதாமல் கேட்டால் எப்படி? சாட்சி என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 179ஆம் பிரிவு, பிரதி என்றால் 35(3). இரண்டுக்கும் எழுத்தில் நோட்டீஸ் வேண்டும். நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போங்கள். 35(3) நோட்டீஸுக்கு ஒழுங்காகப் போய் வருபவரைக் கைது செய்ய வேண்டுமென்றால், அதற்கான காரணத்தைப் போலீஸ் எழுதி வைக்க வேண்டும். பெண்கள், 60 வயது தாண்டியவர்கள், 15 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் சாட்சி சொல்ல ஸ்டேஷன் ஏற வேண்டியதில்லை. போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும். எதையும் எழுத்தில் கேளுங்கள்.

இரவு எட்டு மணிக்குப் பெண்ணைக் கைது செய்யலாமா? (கோபாலபுரம்)

கூடாது. சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் பெண்ணைக் கைது செய்ய அசாதாரணமான காரணம் வேண்டும். பெண் அதிகாரி அதை எழுதிக் கொடுத்து, மாஜிஸ்திரேட்டின் அனுமதியை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும்.

தம்பியைப் பிடித்துப் போய், மலையாளத்தில் எழுதிய நாலு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அவனுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. இனி என்ன செய்வது? (எருத்தேம்பதி)

முப்பது வருஷமாக இதே கதையைக் கேட்டுக் கேட்டு மனம் ஆறவில்லை. ஸ்டேஷன் ரைட்டர் மலையாளத்தில் எழுதுவதில் தவறில்லை, அது அவர் வேலை. படிக்க வராதவனிடம் படித்துக் காட்டாமல் பேனாவை நீட்டுவதுதான் தவறு. மலையாளம் சரளமாகப் பேசுகிறான், அதனால் படிக்கவும் வரும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஆட்களும் வெட்கப்பட்டு வாய் திறப்பதில்லை. தென்னந்தோப்பு வேலைக்காரர் ஒருவர், வீட்டுக்கு விடுவதற்கான காகிதம் என்று நினைத்து ஒன்றில் கையெழுத்துப் போட்டார். பிறகு கோர்ட்டில் நகல் எடுத்துப் பார்த்தால் அது தொண்டி மகசர், அதாவது பொருளைக் கைப்பற்றியதற்கான பதிவு. திருட்டுப் பொருளை அவரே எடுத்துக் கொடுத்ததாக எழுதியிருந்தது. அந்தக் கேஸில் அவரை வெளியே கொண்டுவர எனக்கு ஆறு வருஷம் ஆனது.

சட்டம் என்ன சொல்கிறது? விசாரணையில் போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்தே வாங்கக் கூடாது. அது அதே சன்ஹிதாவின் 181ஆம் பிரிவு. கைது மெமோவில் கையெழுத்துப் போட வேண்டும், அதில் நேரமும் தேதியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. வீட்டாரோ ஊரில் மதிப்பான ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று 1996இல் டி.கே. பாசு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கைதுக்கான காரணத்தைப் பிடிபட்டவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் கொடுக்க வேண்டும், ரிமாண்டுக்கு ஆஜர்படுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது கொடுத்துவிட வேண்டும் என்று 2025 நவம்பரில் அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கொடுக்காவிட்டால் அந்தக் கைதும் ரிமாண்டும் செல்லாது. எல்லையில் வாழும் நமக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

அதனால் இன்றே வக்கீலைப் பார்த்து, எந்தக் காகிதமும் தமிழில் தரப்படவில்லை என்று கோர்ட்டில் மனுப் போடுங்கள். ரிமாண்டு நீட்டிக்கக் கொண்டுவரும்போது தம்பியே மாஜிஸ்திரேட்டிடம் தமிழில் சொல்லட்டும். மற்றவர்களுக்கு: கையெழுத்துப் போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், அதற்குக் கீழே ‘மலையாளம் படிக்கத் தெரியாது, படித்துக் காட்டவில்லை’ என்று தமிழில் உங்கள் கையாலேயே எழுதி நேரத்தைக் குறியுங்கள். வெற்றுக் காகிதமா? எக்காரணம் கொண்டும் போடாதீர்கள்.

தமிழ்நாட்டுப் போலீஸ் மஃப்டியில் வந்து அண்ணனை வேனில் ஏற்றிப் போனார்கள். இது செல்லுமா? (வேலந்தாவளம்)

வேறு மாநிலப் போலீஸ் வந்து கைது செய்யலாம். ஆனால் பெயர் தெளிவாகத் தெரியும் பட்டை அணிந்திருக்க வேண்டும், மெமோ எழுத வேண்டும், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் மட்டும் கழியும். வேலந்தாவளத்திலிருந்து கோயம்புத்தூருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். வேன் கிளம்பிய நேரத்தைக் குறித்தீர்களா? இல்லையென்றால் பார்த்தவர்களைக் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள்.

பஸ்ஸில் நகை போனது. வாளையாறு தாண்டித்தான் கவனித்தோம். இரண்டு பக்க ஸ்டேஷனும் தட்டிக் கழிக்கிறார்கள்.

எல்லை தங்களுடையதல்ல என்று சொல்லிப் புகாரை மறுக்கக் கூடாது. சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். பதியலாம், அவர்களே உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். மறுத்தால் அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

போலீஸ் செய்வதை வீடியோ எடுக்கலாமா?

கேரளத்தில் எடுக்கலாம், 2011 போலீஸ் சட்டத்தின் 33ஆம் பிரிவே அப்படிச் சொல்கிறது. வேலைக்குக் குறுக்கே நிற்காமல் தள்ளி நின்று எடுங்கள். கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் இந்தச் சட்டம் உங்களோடு வராது.

போலீஸ் உண்மையிலேயே மாறிவிட்டதா? (குமுளி)

வரவேற்பு மேஜையில் மாறியிருக்கிறது, அதை நான் மனதாரச் சொல்வேன். 1976இல் பிடித்துப் போன மகன் ராஜன் எங்கே என்று கேட்டு ஈச்சர வாரியர் என்ற தகப்பன் அலைந்த மாநிலம் இது. அவர் போட்ட ஆட்கொணர்வு மனு மறு வருஷம் ஒரு முதலமைச்சரையே பதவி விலக வைத்தது. 2008இல் ஜனமைத்ரி என்ற மக்கள்-போலீஸ் நட்புத் திட்டம் வந்தபின் ரோந்துப் போலீஸ்காரர் வீடு வீடாக வந்து பெயர் சொல்லிப் பேசுகிறார். 2021இல் உயர் நீதிமன்றம் சொன்னபின் ‘எடா’, ‘நீ’ என்று பொதுமக்களை அழைக்கக் கூடாதெனச் சுற்றறிக்கையும் வந்தது. ஆனால் வேட்டியை மடித்துக் கட்டிய தமிழ்க் கூலிக்காரருக்கு அந்த மரியாதை எல்லா இடத்திலும் போய்ச் சேரவில்லை. உள்ளறையில் நடப்பதற்கு நம்பிக்கை போதாது, கேமரா வேண்டும். ஸ்டேஷன் முழுக்க கேமரா வைக்கச் சொல்லி 2020இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அடி வாங்கியவர் அந்தப் பதிவைக் கேட்டு உடனே மனுப் போட வேண்டும். தாமதித்தால் பதிவு அழிந்துவிடும்.

வக்கீல் வைக்கப் பணமில்லை.

காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இலவசச் சட்ட உதவி எண்ணான 15100க்குப் போன் செய்யுங்கள், அல்லது முதல் ஆஜரிலேயே மாஜிஸ்திரேட்டிடம் கேளுங்கள். தமிழ் தெரிந்த வக்கீல் வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.