தலை குனிவதுதான் மரியாதையா?

முத்தியால்பேட்டையிலிருந்து பாரிசுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, எட்டு வயது மகனும் ஐந்து வயது மகளும் நம் குடும்ப ஒழுக்கத்தோடு வளர்வார்களா, எதில் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. எனக்குக் கடலூர் மஞ்சக்குப்பம். இங்கே வந்து 24 வருடம் ஆகிறது. இரண்டு பிள்ளைகளையும் இங்கேதான் வளர்த்தேன்.

மூத்தவன் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது ஆசிரியை என்னை வரச் சொன்னார். "நான் பேசும்போது உங்கள் மகன் தரையையே பார்க்கிறான். எதையோ மறைக்கிறான்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பெரியவர்கள் கண்டித்தால் தலை குனிந்து நிற்க வேண்டும், முறைத்துப் பார்க்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவளே நான்தான். பிள்ளை மரியாதை என்று நினைத்துச் செய்தது இங்கே கள்ளத்தனமாகத் தெரிந்திருக்கிறது.

அன்று இரவு நானும் அவன் அப்பாவும் வெகுநேரம் பேசினோம். அவன் குனிய வேண்டும் என்பதா நம் ஆசை, அடுத்தவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பதா? கேட்பதுதான். மறுநாள் அவனிடம் அதையே சொன்னோம்: "பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே. பள்ளியில் அவர்கள் முகத்தைப் பார்த்துக் கேள்."

நீங்களும் உங்கள் மனைவியும் முதலில் உட்கார்ந்து, எதை விட்டுக்கொடுக்கவே முடியாது என்று முடிவு செய்யுங்கள். மூன்று நான்கு போதும். எங்கள் வீட்டில் பொய் கூடாது. வந்தவர்களை ‘வாங்க’ என்று கேட்காமல் அறைக்குள் போகக் கூடாது. பாட்டியிடம் தமிழில்தான் பேச வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லுங்கள். ‘நம் ஊர் வழக்கம்’ என்று மட்டும் சொன்னால் உங்கள் மகள் இன்றைக்குத் தலையாட்டுவாள், பன்னிரண்டு வயதில் ஆட்ட மாட்டாள்.

இந்த ஊர் மொழியும் உங்களுக்குத் துணை நிற்கும். பிரெஞ்சிலும் நீ, நீங்கள் உண்டு: தூ, வூ. கடைக்குள் நுழைந்ததும் ‘பொன்ழூர்’ என்று வணக்கம் சொல்லாவிட்டால் முகம் சுளிப்பார்கள். என் மகளுக்கு ‘வாங்க’ ஏன் முக்கியம் என்று அதை வைத்துத்தான் புரிய வைத்தேன்.

அப்புறம், அடிக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இங்கே 2019 ஜூலையில் வந்த சட்டப்படி, பெற்றோர் பிள்ளைகளை உடலாலோ மனத்தாலோ வதைக்கக் கூடாது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. நானும் மூத்தவனை அடித்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவன் தவறுகளை என்னிடம் சொல்வதையே நிறுத்திவிட்டான். மறுபடி வாய் திறந்து பேச இரண்டு வருடம் ஆனது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஊருக்குப் போன் போடுங்கள். கோடையில் அங்கே ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. பாட்டி சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கும் நேரம். போனைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் அந்தப் பக்கம் போய்விடுங்கள். எடுத்துக்கொடுக்க ஆள் இல்லாவிட்டால் அவர்களே தமிழில் வார்த்தை தேடிப் பேசுவார்கள்.