நவீன நடனம் முறையாகப் படித்துவிட்டு, சொந்த ஊரிலேயே நடனமும் ஃபிட்னஸும் சொல்லிக்கொடுத்துப் பிழைக்க முடியுமா?

முடியும். ஆறு வருஷமாகக் கோவில்பட்டியில் அதைத்தான் செய்கிறேன். ஆனால் ‘நவீன நடனம்’ என்று போர்டு வைத்திருந்தால் முதல் மாசமே மூட்டை கட்டியிருப்பேன்.

பெங்களூரில் படித்தேன். அங்கே எனக்கு ரொம்பப் பிடித்தது மார்த்தா கிரஹாம் முறை. 1926-ல் நியூயார்க்கில் சொந்தக் குழு தொடங்கியவர். மூச்சை விடும்போது அடிவயிறு உள்வாங்கி முதுகு வளையும், மூச்சு வாங்கும்போது நிமிரும். இந்த இரண்டிலிருந்தே ஆட்டத்தை எழுப்பினார். வகுப்பே தரையில் உட்கார்ந்துதான் ஆரம்பிக்கும். ஊரில் இதை விளக்கினேன். பிள்ளையைச் சேர்க்க வந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி டீச்சர், சலங்கை பூஜை எத்தனாவது வருஷம்?” என்றார். சலங்கையே கிடையாது என்றதும் பிள்ளையோடு கிளம்பிவிட்டார். “நம்ம ஊரு ஆட்டம் இல்லையே” என்பவர்களுக்கு இப்போது சந்திரலேகாவைச் சொல்கிறேன். சென்னையில் இருந்துகொண்டு 1985-லேயே ‘அங்கிகா’வில் பரதத்தையும் யோகாவையும் களரியையும் சேர்த்து மேடையேற்றியவர். தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

எனக்குச் சோறு போடுவது காலை ஆறு மணி ஃபிட்னஸ் பேட்ச். 24 பெண்கள், மாசம் 700 ரூபாய். சாயங்காலம் பொடிசுகளுக்கு சினிமாப் பாட்டு. ஆண்டுவிழா சீசனில் பள்ளிகள் கூப்பிடும். பாதிப் பணத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். ஒரு பள்ளிக்கு மூணு வாரம் பயிற்சி கொடுத்துவிட்டு இன்னும் அலைகிறேன்.

இடம், கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹால். கிரானைட் தரை. நடன ஸ்டூடியோவில் பலகைக்கு அடியில் இடைவெளி விட்டிருப்பார்கள், குதித்தால் தரையே கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். கல் தரை கொடுக்காது. முழங்காலும் கால் எலும்பும்தான் வாங்கும். அதனால் என் வகுப்பில் குதியே கிடையாது. பாட்டுக்குத் துள்ளியாடும் ஜும்பாவை நினைத்து வந்த நாலு பேர் நின்றுவிட்டார்கள். குதியை எடுத்த இடத்தில் கிரஹாம் உள்ளே வந்தார்: உட்கார், மூச்சை விடு, சரிந்து படு, எழு.

தீப்பெட்டி ஆபீசில் இருபத்தைந்து வருஷம் சம்மணம் போட்டுக் குச்சி அடுக்கிய அக்கா ஒருத்தர் வருகிறார். தரையில் நிமிர்ந்து உட்கார எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. அவர் முதல் நாளே உட்கார்ந்தார். எழுவதுதான் பாடு. ஒரு கை தரையில், ஒரு கை முழங்காலில், எழுவதற்கு முன்னாடி ஒரு “யம்மா!”. நான் திருத்தியது அந்த ஒரு சொல்லைத்தான்: “அக்கா, யம்மாவ முன்னாடியே சொல்லிராதீங்க. உடம்பத் தூக்குறப்ப சொல்லுங்க.” மூச்சு வெளியே போவதும் அடிவயிறு இறுகுவதும் உடம்பு எழுவதும் ஒரே நேரத்துக்கு வந்துவிடும். நாலு மாசத்தில் தரையில் ஊன்றிய கை போனது. முழங்கால் கை இன்னும் இருக்கிறது. சுத்தமான கிரஹாம் பாடம் அது. அக்காவைப் பொறுத்தவரை ‘எக்ஸசைஸ்’. எனக்கு அதில் வருத்தமில்லை.

தொடங்குவதென்றால் ஆடியில் தொடங்குங்கள். கல்யாணம் இல்லாத மாசம், மண்டப வாடகையைப் பேசிக் குறைக்கலாம். ஆவணி பிறந்துவிட்டால் முகூர்த்த நாளில் வகுப்பு இருக்காது. அன்றைக்கு என் மாணவிகளில் பாதிப் பேர் அதே ஹாலில் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள், பக்கத்து இலையில் நானும்.