காலிப்பர் போட்டவர் யோகா கற்றுத்தரலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. சிறு வயதில் போலியோ வந்ததால் இடது காலில் காலிப்பர் (காலைத் தாங்கும் கருவி) அணிந்து நடக்கிறேன். யோகா கற்று, என்னைப் போன்றவர்களுக்குச் சொல்லித்தர ஆசை. பக்கத்து மையத்தில் தரையில் உட்கார முடியாதவர்களைச் சேர்ப்பதில்லை என்கிறார்கள். 35,000 ரூபாய் கட்டினால் ஒரே மாதத்தில் ஆன்லைனில் சர்வதேசச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். நம் நாட்டில் யோகா வகுப்பு எடுக்க உரிமம் என்று எதுவும் கிடையாது. 'சர்வதேசம்' என்று இவர்கள் சொல்வது பெரும்பாலும் அமெரிக்காவின் யோகா அலையன்ஸை. பயிற்சிப் பள்ளிகளையும் ஆசிரியர்களையும் பதிவு செய்யும் தனியார் அமைப்பு அது. ஆசிரியர் பயிற்சிக்கு 200 மணி நேரம் என்பதும் அவர்கள் வைத்த கணக்கு. நம் அரசுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அரசுச் சான்றுதான் வேண்டுமென்றால், ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றளிப்பு வாரியம் இருக்கிறது. அதன் தேர்வுக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம், நடுவில் ஆள் வேண்டாம். தேர்ச்சிக்கு நான் பொறுப்பு என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். இந்த விவரத்தை ஒரு பக்கத் தமிழில் அச்சடித்து அரசு மருத்துவமனைகளில் ஒட்டினாலே பாதி ஏமாற்று நின்றுபோகும். ஜூன் 21, யோகா தினம் வந்தால் மைதானம் முழுக்கப் பாய் விரிக்கிறார்கள், சக்கர நாற்காலி உள்ளே வர ஒரு சாய்தளம் போட ஏன் மனம் வருவதில்லை?

சரி, தரைக்கு வருவோம். தரையில் உட்காருவது யோகாவுக்கு நுழைவுத் தேர்வு அல்ல. யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் ஆளைப் பார்த்துப் பயிற்சியை வகுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் சென்னையில் தொடங்கிய 'கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம்' என்ற மையமும் அந்த வழிதான். இன்னொரு யோகா ஆசிரியர் பி.கே.எஸ். அய்யங்கார் நாற்காலி, பெல்ட், மரக்கட்டை எல்லாவற்றையும் பயிற்சிக்குள் கொண்டுவந்தார். அமெரிக்காவில் மாத்யூ சான்ஃபோர்ட், 13 வயதில் விபத்தில் மார்புக்குக் கீழே செயலிழந்தவர், சக்கர நாற்காலியில் இருந்தே யோகா கற்பிக்கிறார்.

கைப்பிடி இல்லாத, கனமான நான்கு கால் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். மூச்சை இழுக்கும்போது கைகளை உயர்த்தி, விடும்போது இறக்குங்கள். அப்புறம் இருபக்கமும் மெல்லத் திரும்புங்கள். தொடக்கத்துக்கு இது போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். போலியோவில் பிழைத்த நரம்பணுக்கள், அழிந்தவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. பல பத்தாண்டுகள் கழித்து அவையும் களைத்துப்போய், புதிதாகப் பலவீனமும் சோர்வும் வரலாம். இதைத்தான் போஸ்ட் போலியோ சிண்ட்ரோம் என்கிறோம். 'வலி வந்தால்தான் பலம் வரும்' என்று சொல்லும் மாஸ்டரிடம் போகாதீர்கள். களைப்பு தொடங்குவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். மறுநாள் காலையில் கை கால் கனத்தால், செய்ததைப் பாதியாகக் குறையுங்கள். இத்தனை வருடமாக பாரம் தாங்கிய வலது காலுக்கும் தோள்களுக்கும் இது பொருந்தும். புதிதாகப் பலவீனம் தெரிந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

எங்கே கற்பது? சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையிலும் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு உண்டா என்று விசாரியுங்கள். கற்பிப்பதை அதற்குப் பிறகு, நாற்காலியில் செய்யும் ஓரிருவரோடு ஆரம்பியுங்கள். முதுகுத்தண்டு அடிபட்டு உணர்ச்சி இழந்தவர்களை மருத்துவர் சொல்லாமல் ஏற்காதீர்கள்.

அந்த இடைத்தரகருக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.