பெட்டியில் அச்சடிக்காத தேதி

சில மாதங்களாக வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறை: கணினி ஓடுகிறது, போன் ஓடுகிறது, ஆனால் "இனி அப்டேட் கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள். இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

2017-இல் வாங்கிய மேசைக் கணினி, விண்டோஸ் 10. ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வருகிறது. பழுது பார்க்க வந்தவர், "இதை எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள், 45,000 ரூபாய் ஆகும்" என்கிறார். ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறேன். வாங்கித்தான் ஆக வேண்டுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கே.கே. நகர்

வேண்டாம் ஐயா. அவசரமே இல்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது உண்மை. அதனால் கணினி நின்றுவிடாது. மாதாமாதம் வந்து விரிசலைப் பூசிக்கொடுத்த கொத்தனார் இனி வரமாட்டார், அவ்வளவுதான். வீடு நிற்கும், புதிதாக விழும் விரிசலைப் பார்க்க ஆள் இருக்காது. அந்த விரிசல் வழியாகத்தான் திருடன் வருவான் என்பதால் அலட்சியமாகவும் இருக்க முடியாது.

வீட்டில் பயன்படுத்துவோருக்கு மைக்ரோசாஃப்ட் ஓராண்டு நீட்டிப்பு அறிவித்திருக்கிறது. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் பதிவு செய்யும் இணைப்பு இருக்கும். 30 டாலர் கட்டலாம். கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் பணமே கட்ட வேண்டாம். அந்தக் காலம் முடிந்த பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம். கடிதம் அடிப்பது, மின்கட்டணம் கட்டுவது, பேரப்பிள்ளைகளோடு பேசுவது எல்லாம் அதில் நடக்கும். மாற்றுவதற்கு முன் படங்களையும் கோப்புகளையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். இத்தனையும் தெரிந்திருந்தும் உங்களிடம் 45,000 ரூபாய் கேட்டவரை இனி வீட்டுக்குள் விடாதீர்கள்.

"வாழ்நாள் முழுவதும் அப்டேட் வரும்" என்று கடைக்காரர் உறுதி சொல்கிறார். நம்பலாமா?
— வாசகி, திருமங்கலம்

பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தந்தால் நம்பலாம்.

இணைய விளம்பரம் பார்த்து ஒருவரிடம் 14,000 ரூபாய்க்குப் பழைய மடிக்கணினி வாங்கினேன். விண்டோஸ் 11 இருந்தது. இப்போது "இந்தக் கணினி இதற்குத் தகுதியற்றது" என்று செய்தி வருகிறது. என்ன பிராசசர் என்று அப்போது கேட்கவில்லை. பில் கிடையாது. அவருடைய எண்ணும் இப்போது கிடைக்கவில்லை. பணத்தைத் திரும்ப வாங்க வழி உண்டா?
— கல்லூரி மாணவர், ஒத்தக்கடை

கிடையாது தம்பி. பில் இல்லை, விற்றவர் கடைக்காரரும் இல்லை, ஆளும் இல்லை. யார்மீது வழக்குப் போடுவது?

சந்தையில் மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கயிற்றைக் கையில் வாங்கமாட்டார். நீங்கள் 14,000 ரூபாயை எண்ணிக் கொடுத்திருக்கிறீர்கள், ஒரு எண்ணைப் பார்க்கவில்லை. பிராசசர்தான் கணினியின் மூளை. இன்டெல் பிராசசரில் ஐ5, ஐ7 என்பதற்குப் பிறகு வருகிற எண்தான் அதன் வயது. 7200 என்றால் ஏழாம் தலைமுறை. 8250 என்றால் எட்டாம் தலைமுறை. ஐந்து இலக்கமாக 10210 என்றிருந்தால் பத்தாம் தலைமுறை. மிகச் சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசசர்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். உங்களிடம் விற்றவர் இந்தத் தடையைக் குறுக்கு வழியில் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றியிருக்கிறார். ‘சிஸ்டம்’ பக்கத்தில் ‘அபௌட்’ என்ற இடத்தைத் திறந்து பார்க்க அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

கோபமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2018 தீபாவளிக்கு நானே இப்படி ஒன்றை வாங்கினேன். ஒரே அலமாரியில் ஏழாம் தலைமுறையும் எட்டாம் தலைமுறையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. விலையில் 4,000 ரூபாய் வித்தியாசம். "வேகத்தில் பெரிய மாற்றம் இல்லை" என்றார் விற்பனையாளர், அது உண்மைதான். குறைந்த விலையில் இருந்ததை வாங்கி வந்தேன். 2021 அக்டோபர் 5-இல் விண்டோஸ் 11 வந்தது. மூன்றே ஆண்டு ஆன என் கணினிக்கு அதில் இடமில்லை. பழைய சரக்கை ஏன் விலை குறைத்து விற்கிறார்கள் என்று அன்று கேட்டிருக்க வேண்டும். உங்கள் கணினியில் லினக்ஸ் போட்டுப் படிப்பை முடியுங்கள். அடுத்த முறை எண்ணைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

திருமண அழைப்பிதழ் வடிவமைக்கும் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் எக்ஸ்பி கணினி, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள், இருபது வருடமாகச் சேர்த்த தமிழ் எழுத்துருக்கள். புதிய கணினியில் அவற்றைத் திறந்தால் எழுத்தெல்லாம் சிதைகிறது. என் மகன் "அப்பா, இது ஆபத்து" என்கிறான். நிஜமாகவே ஆபத்தா?
— டிடிபி கடைக்காரர், சிம்மக்கல்

கணினி ஆபத்தில்லை. அதன் பின்னால் செருகியிருக்கும் இணையக் கம்பிதான் ஆபத்து. இன்றே பிடுங்கிவிடுங்கள்.

2001-இல் வந்த எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 வரை திருத்தங்கள் கொடுத்தார்கள். பன்னிரண்டரை ஆண்டு. இதில் மைக்ரோசாஃப்டைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பிணைப்பண வைரஸ் உலகத்தைச் சுற்றி வந்தபோது, ஆதரவு முடிந்து மூன்று ஆண்டு ஆகியிருந்த எக்ஸ்பிக்கும் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டார்கள். நம் ஊர் ஏடிஎம் எந்திரங்களே வெகுகாலம் எக்ஸ்பியில் ஓடின. 2019 ஜூனுக்குள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் கெடு வைக்க வேண்டியிருந்தது. ஆகவே நீங்கள் மட்டும் பின்தங்கிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

அந்தக் கணினியை அழைப்பிதழுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வங்கி வேலை, மின்னஞ்சல் எதுவும் அதில் கூடாது. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவை முதலில் புதிய கணினியில் சோதித்துவிட்டுப் பிறகு இதில் செருகுங்கள். ஹார்ட் டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்துப் பீரோவில் வையுங்கள். இருபது வருட உழைப்பு ஒரே தகட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது. புதிய வேலைகளையாவது, எந்தக் கணினியிலும் சிதையாத யூனிகோடு எழுத்துருவில் தொடங்குங்கள். உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி.

மாட்டுத்தாவணியில் பூக்கட்டி விற்கிறேன். கல்லூரிக்குப் போகும் மகளுக்கு ஐந்து மாதத்துக்கு முன் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் 7,800 ரூபாய்க்குப் புது போன் வாங்கினேன். சீல் உடைக்காத பெட்டி. இப்போது வங்கிச் செயலி இந்த போனில் வேலை செய்யாது என்று வருகிறது. கடையில் கேட்டால், "போன் எரிகிறதா, பேச முடிகிறதா? அப்புறம் என்ன?" என்கிறார்கள். நான் விவரம் இல்லாமல் வாங்கிவிட்டேனா?
— வாசகி, மதுரை

இல்லை அம்மா. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்.

பெட்டியோடு வரச் சொல்லி எழுதினேன். மகள் மஞ்சள் பையில் எடுத்து வந்தார். பெட்டியின் பின்புறம் விலை, இறக்குமதியாளர் முகவரி, வாடிக்கையாளர் சேவை எண் எல்லாம் அச்சில் இருந்தன. உற்பத்தி மாதம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சின்ன வெள்ளைச் சீட்டு, அதில் ஒரு கடை முத்திரை. நகத்தால் மெதுவாக உரித்தோம். கீழே ‘2018 நவம்பர்’ என்றிருந்தது. போனில் ஆண்ட்ராய்டு 8.1, கடைசியாக வந்த பாதுகாப்புத் திருத்தம் 2019 ஜனவரி. அந்தப் பெண் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அம்மாவிடம் நான்தான் இந்த போன் போதும் என்று சொன்னேன்" என்றார்.

பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். அது பெரிய பலம். பழைய பொருளைப் புதியது என்று காட்டி விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிகம். பெட்டியின் விவரத்தை மாற்ற மேலே சீட்டு ஒட்டுவதைப் பொட்டலப் பொருள் விதிகளும் அனுமதிப்பதில்லை. முதலில் பணத்தைத் திரும்பக் கேட்டுக் கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதினைந்து நாள் கெடு கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். கெடு முடிந்தும் பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தால் போதும். உரித்த சீட்டைத் தாளில் ஒட்டி வைத்திருக்கிறேன். மனு எழுத மகளை மீண்டும் அனுப்புங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

இங்கே என் நெடுநாள் குறையையும் சொல்லிவிடுகிறேன். பத்து ரூபாய் மாத்திரைப் பட்டையில் காலாவதித் தேதி இருக்கிறது. போன் பெட்டியில் செய்த மாதம் இருக்கிறது, விலை இருக்கிறது. எந்தத் தேதி வரை பாதுகாப்புத் திருத்தம் வரும் என்பது மட்டும் இல்லை. அந்தத் தேதிதான் இன்று போனின் ஆயுள். திரை உடையாமல் பத்து வருடம் காப்பாற்றினாலும் அந்தத் தேதிக்குப் பிறகு வங்கிச் செயலி ஒருநாள் கதவைச் சாத்தும். வங்கியையும் குறை சொல்ல முடியாது. திருத்தம் வராத போனில் பணத்தைப் பாதுகாப்பது கடினம்.

எந்த நிறுவனமும் எதையும் என்றைக்கும் தாங்கிப் பிடிக்க முடியாது. ஆதரவை நிறுத்துவது தவறில்லை. காலத்தை எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதில்தான் அநியாயம். வெளியிட்ட நாளிலிருந்து எண்ணுகிறார்கள். காசு கொடுத்தவர் கணக்கு வாங்கிய நாளில் அல்லவா தொடங்குகிறது? விண்டோஸ் 10-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஜூலையில் வந்தது. பத்து ஆண்டு ஆதரவு, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதன் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் தன் இணையதளத்தில் 2023 ஜனவரி 31 வரை விற்றது. கடைசி நாளில் வாங்கியவருக்குக் கிடைத்தது மூன்று ஆண்டுகூட இல்லை.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், குறைந்தது எத்தனை காலம் பாதுகாப்புத் திருத்தம் தருவோம் என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2025 ஜூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் போன்களுக்கு, அந்த மாடலின் விற்பனையை நிறுத்திய நாளிலிருந்து ஐந்து ஆண்டு இயங்குதள அப்டேட் தர வேண்டும். விற்பனையை நிறுத்திய நாளிலிருந்து! நான் வருடக்கணக்காகக் கேட்பது இதைத்தான். கூகுள் பிக்சல் 8-க்கும் சாம்சங் எஸ்24-க்கும் ஏழு ஆண்டு என்று அறிவித்தார்கள், நல்லது. ஆனால் அவை வசதியானவர்கள் வாங்கும் போன்கள். எட்டாயிரம் ரூபாயைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்குகிறவருக்குத்தான் நீண்ட ஆயுள் தேவை. அவருக்குத்தான் குறைந்த ஆயுள் தருகிறார்கள். விலைக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அந்தத் தேதியை அச்சிட வேண்டும். ஒரு வரி மைதான் செலவு.

கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதி விற்கிறேன். வாடிக்கையாளர்களில் இருபது பேர் இன்னும் விண்டோஸ் 7. அவர்களுக்காக ஒவ்வொரு மாற்றத்தையும் தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது. எப்போது கைவிடலாம்?
— மென்பொருள் எழுதுபவர், இலந்தைக்குளம்

விற்பவர் பக்கமிருந்து வந்த ஒரே கடிதம் இது. கேட்டதற்கே நன்றி.

விண்டோஸ் 7-க்குப் பொது ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. அடித்தளமே ஆட்டம் காணும் வீட்டில் நீங்கள் எத்தனை தாழ்ப்பாள் போட்டாலும் பயனில்லை. நிறுத்த உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த இருபது பேரில் யாரிடமாவது பராமரிப்புக் கட்டணம் வாங்கியிருந்தால் அந்தக் காலம் முடியும்வரை கூடாது. குறைந்தது ஓராண்டு முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். கடைசியாக ஓடிய பதிப்பை அவர்களிடமிருந்து பறிக்காதீர்கள். பழைய கணக்குகளை வேறு மென்பொருளுக்கு எடுத்துச் செல்லும் வழியை இலவசமாகக் கொடுங்கள். ஏப்ரல், மார்ச் மாதங்களை நிறுத்தும் நாளாக வைக்க வேண்டாம். கணக்கு முடிக்கும் நேரத்தில் மளிகைக் கடைக்காரர் தலையில் இதையும் ஏற்றக் கூடாது.

2012-இல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி இன்னும் ஓடுகிறது. விண்டோஸ் 7-இல் குரோம் புதுப்பிக்க முடியவில்லை. தம்பி தமிழ் தட்டச்சு பழக ஆசைப்படுகிறான்.
— வாசகர், உசிலம்பட்டி

குரோம் 109-தான் விண்டோஸ் 7-க்கான கடைசிப் பதிப்பு. 2023 தொடக்கத்தோடு சரி. தட்டச்சுக்கு இணையம் எதற்கு? அந்தக் கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. யாரும் அழித்திருக்காவிட்டால் கணினி தொடங்கும்போது அது பட்டியலில் தெரியும். அழிந்திருந்தால் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டு, தமிழ்99 விசைப்பலகையில் பழகட்டும். ஓடும்வரை ஓட்டுங்கள்.

பழைய போனுக்கு மாற்று விலையாக 300 ரூபாய் தருகிறார்கள். கொடுத்துவிடலாமா?
— வாசகர், மேலூர்

கொடுக்கலாம். ஆனால் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்து, சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிய பிறகு. கடையில் வைத்துச் செய்யாதீர்கள், வீட்டிலேயே செய்துவிட்டுப் போங்கள்.